பேர் சொல்லி எறிதல்

அதனாவுக்குத் தெற்கே, கடலுக்கு முன்னால்
நிலம் தட்டையாகப் படுத்துவிடும் இடத்தில்
தர்பூசணி எறிகிறோம், ஒன்பது பேர்.
வயலிலிருந்து லாரி வரை ஒரே வரிசை.
ஒருவர் கை விட்டதை அடுத்தவர் நெஞ்சு வாங்கும்.
எட்டு கிலோ, ஒன்பது கிலோ,
சில நேரம் பிள்ளை கனம்.
காயை யாரும் பார்ப்பதில்லை.
எறிகிறவர் தோள் அசைந்தால்
கை தானாகப் போய் நிற்கும்.

நான் ஐந்தாவது. நான் எறிய, ஷெஹ்முஸ் பிடிப்பான்.
பத்து வருஷம் இந்த வெயிலில் வெந்தவன்.
கணுக்கால் பிசகி, உர்ஃபாவில்
மாமியார் வீட்டு நிழலில் இருபது நாள் கிடந்துவிட்டு
அன்றுதான் திரும்பியிருந்தான்.
“பழகின உடம்பு” என்றார் மேஸ்திரி.
“பழகின உடம்பு” என்றான் அவனும்.
உடம்புக்கு அவ்வளவு ஞாபகசக்தி கிடையாது.

மேஸ்திரியை இங்கே மாமா என்றுதான் கூப்பிட வேண்டும்.
மாமாவுக்குப் பழங்கள் மேல் பாசம்.
குவித்த காய்கள் வெடித்துவிடக் கூடாதென்று
நாலு கழி நட்டு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்.
அதன் கீழே சொகுசாக உட்கார்ந்திருந்தன
ஆயிரத்து இருநூறு தர்பூசணிகள்.
வெளியே நாங்கள்.

பதினொரு மணிக்குத் தலைவலி என்றான்.
குனிந்து கெண்டைக்காலைப் பிசைந்தான்.
காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை என்று
அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னான்.
ஹைதர் சிரித்தான். நானும் சிரித்தேன்.
அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது,
எங்கே போடுவதென்று தெரியவில்லை.

பன்னிரண்டே காலுக்கு என்னை
“நஸ்லி” என்று கூப்பிட்டான்.
நஸ்லி அவன் தங்கை. நான் ரெம்ஸியே.
விளையாட்டென்று நினைத்து எறிந்தேன்.
கை நீளவில்லை.
காய் அவன் விலாவில் பட்டுச் சரிந்து
காலடியில் சிவப்பாய்ப் பிளந்தது.
அதையே பார்த்தான்.
“கதவைச் சாத்து, பனி உள்ளே வருது” என்றான்.

தொட்டேன். ரொட்டி சுடும் தகடு.
வேர்வை மட்டும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தது.
வேர்வை நின்றால்தான் ஆபத்து என்று
எங்களுக்கு யார் சொல்லிவைத்தது?
முழங்கால் மடங்கியது.

மோர் பாட்டிலோடு ஓடி வந்தார் மாமா.
“வாயில் ஊற்றாதீங்க!”
என் குரல் எனக்கே புதிது.
விழுங்கத் தெரியாதவனுக்கு மோரும் மூச்சடைக்கும்.
“லாரிக்கு நேரமாகுதே” என்றார்,
சொன்ன கையோடு வெட்கப்பட்டார். அதையும் பார்த்தேன்.

ஹைதர் நூற்றுப்பன்னிரண்டுக்குப் பேசினான்.
இந்த வரப்பை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?
சிவப்பு முக்காட்டைக் கையில் பிடித்து
தார் ரோட்டுக்கு ஓடினாள் பெரிவான்.

நான் தார்ப்பாயை அவிழ்த்தேன்.
காய்கள் மேல் வெயில் பட்டது. படட்டும்.
அவனை அதில் கிடத்தி
விளிம்பைத் தொட்டில்போல் நாலு பேர் தூக்கிப் பிடிக்க
வாய்க்கால் தண்ணீர் வாளி வாளியாக,
குடிநீர் டிரம்மில் மிதந்த ஐஸ் மொத்தமும்.
தலையை மட்டும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு
தண்ணீரை அலசிக்கொண்டே இருந்தோம்,
கறை போகாத துணியை அலசுவதுபோல.
ஆம்புலன்ஸுக்கு முப்பத்தைந்து நிமிஷம்.
அதற்கு முன்பே ஒருமுறை நடுங்கினான்.
“ரெம்ஸியே, குளிருது.”
என் பேர் அவ்வளவு நீளமென்று
அன்றுதான் தெரிந்தது.

இப்போது பதினொன்றிலிருந்து நாலு வரை எறிவதில்லை.
புதிதாக வருகிறவரும், விட்டுத் திரும்புகிறவரும்
முதல் நாள் கொஞ்ச நேரம்தான், அப்புறம் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம்.
தார்ப்பாய் இரண்டு: காய்க்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.
எங்களுடையதன் விலையை
கூலியில் பிடிக்கிறார் மாமா.
அது வேறு சண்டை, நடக்கிறது.

அப்புறம் இது:
பிடிக்கிறவர் பேரைச் சொல்லித்தான் எறிகிறோம்.
ரெம்ஸியே. ஷெஹ்முஸ். பெரிவான்.
பேர் மாறினால், நாக்குக் குழறினால்,
காய் கையிலேயே நிற்கும்,
வரிசை மொத்தமும் நிற்கும்.
ரோட்டில் போகிறவர்கள் ஏதோ தொழுகை என்று நினைக்கிறார்கள்.

ஷெஹ்முஸ் மட்டும் சில நாள்
தண்ணீர் குடிக்க உட்காரும்போது
வேண்டுமென்றே “நஸ்லி” என்பான்.
எல்லாரும் சிரிப்பார்கள்.
நான் எழுந்து போய்
அவன் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.